திரும்ப உள்ளே போனவர்

ஜனவரி 20

தம்பிக்கு,

உன் விலாசத்தை நீ கொடுக்கவில்லை. உன் பழைய தீயணைப்பு ஸ்டேஷன் கிளார்க்கிடம் கெஞ்சி வாங்கினேன். எத்தனை முறை போன் செய்தேன் என்று எனக்கே கணக்கில்லை. மணி அடித்து ஓய்ந்ததுதான் மிச்சம். மருந்துக் கடையில் கூட்டம் இல்லாத மதிய வேளையில், பில் போடும் மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாள் முழுக்க டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படித்து என் கையெழுத்தும் கெட்டுப்போய்விட்டது. பொறுத்துக்கொள்.

மார்ச் பதினான்கு வந்தால் உன் அத்தான் போய் ஒரு வருஷம். ஸ்டேஷனில் புதிதாகப் பயிற்சிக் கூடம் கட்டி, அதற்கு அவர் பெயரை வைக்கிறார்களாம். வாசலில் ஒரு கல். அதன் திரையை நான் விலக்க வேண்டுமாம். போன வாரம் ஒரு பெரிய அதிகாரி வீட்டுக்கே வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கல்லில் செதுக்கப்போகிற வாசகத்தைப் படித்துக் காட்டினார். "உயிர்களைக் காக்கும் பணியில் தீக்குள் புகுந்து தன்னுயிர் ஈந்தவர்."

"எந்த உயிர் சார்? உள்ள ஒருத்தருமே இல்லைன்னுதானே உங்க விசாரணை அறிக்கையில இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "பொதுவா இப்படித்தாம்மா போடுவோம்" என்றார்.

அந்த அறிக்கை எனக்கு மனப்பாடம். மெத்தை குடோன். வேலையாட்கள் எல்லாரும் சாப்பாட்டு நேரத்தில் வெளியே இருந்தார்கள். உள்ளே போன தீயணைப்பு வீரர்கள் அனைவரும் இரண்டு இருபதுக்குள் வெளியே வந்துவிட்டார்கள். இரண்டு இருபத்தைந்துக்கு நிலைய அதிகாரி மட்டும் தனியாகத் திரும்ப உள்ளே சென்றார். இரண்டு முப்பத்தொன்றுக்கு மேல்தளம் சரிந்தது. கடைசியில் ஒரு வரி: "திரும்ப உள்ளே சென்றதற்கான காரணம் தெரியவில்லை."

எனக்கு அந்தக் காரணம் வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கல்லின் திரையையும் நான் விலக்கப் போவதில்லை.

நீ அங்கே இருந்தாய். அன்றைக்கு எனக்குப் போன் செய்தவனே நீதான். "முடிஞ்சதுக்கா, எல்லாரும் வெளிய வந்தாச்சு, அத்தான் நல்லா இருக்காரு" என்றாய். ஒரு மணி நேரம் கழித்து வேறு ஆட்கள் வந்து வாசலில் நின்றார்கள். பத்தாம் நாள் நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், துறைமுகத்துக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டாய். புருஷன் போன வீட்டிலிருந்து கூடப்பிறந்தவனும் போனான்.

பதினான்காம் தேதிக்கு வா. வர முடியாவிட்டால் பதிலாவது எழுது. அவர் ஏன் திரும்ப உள்ளே போனார்?

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோழிக்கிறுக்கல் என்பது உண்மைதான், ஆனால் என்னைத் திட்டுகிற இடங்கள் மட்டும் அச்சடித்தது போலத் தெளிவாக இருக்கின்றன.

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன். இங்கே வேலை என்பது பெரும்பாலும் காத்திருப்பதுதான். இரண்டாவது மாடியில் எங்கள் காவல் அறை. ஜன்னலைத் திறந்தால் கிரேன்கள், கன்டெய்னர்கள், ஒரு துண்டுக் கடல். காலையில் பம்புகளை ஓட்டிப் பார்ப்போம், ஹோஸ்களை விரித்துக் காயவைத்துச் சுருட்டுவோம், பிறகு கப்பல்கள் எரியாமல் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இதுவரை எரியவில்லை. என்னுடன் அறையில் இருப்பவர் விடுகிற குறட்டைக்குக் கப்பல் சங்கு தோற்றுவிடும்.

அத்தானுக்குக் கல் வைப்பது நல்ல விஷயம்தான். ஆனால் கல்லில் என்ன எழுதினாலும் அது அவராக இருக்காது. ஒருமுறை ஸ்டேஷனில் எல்லாரும் சுற்றுலா போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ வரவில்லை, உனக்குக் காய்ச்சல். திரும்பும்போது பஸ்ஸில் வழக்கம்போல எங்கள் தலைகளை எண்ணினார். இருபத்திரண்டு இருக்க வேண்டும், இருபத்துமூன்று இருந்தது. மறுபடி எண்ணினார். இருபத்துமூன்றேதான். பார்த்தால் கடைசி சீட்டில் எவனோ ஒரு ஆள் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறான், பஸ் மாறி ஏறியவன். நாற்பது நிமிஷம் வந்த வழியே திரும்பிப் போய் அவனை அவன் வீட்டாரிடம் விட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். எல்லாரும் முனகினார்கள். "கொறஞ்சாத்தான் தப்பா? கூடினாலும் தப்பு தப்புதான்டா" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'தலையெண்ணி'. அவருக்கும் தெரியும்.

பதினான்காம் தேதிக்கு வர முடியும் என்று தோன்றவில்லை. ஆள் குறைவு, லீவு கிடைக்காது.

நீ கேட்டதற்கு என்ன சொல்வது? நெருப்புக்கு முன்னால் நிற்கிறவருக்கு என்ன தோன்றும் என்று மற்றவர்களால் சொல்ல முடியாது. ஏதோ தோன்றியிருக்கும். போய்விட்டார். அதையே நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

நான் கேட்டது ஒன்று, நீ சொல்வது ஒன்று. பஸ் கதையைப் படித்துச் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிரித்து முடித்த பிறகுதான் நீ நழுவியிருக்கிறாய் என்பது தெரிந்தது. சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான். கண்ணாடியை உடைத்துவிட்டு வந்து எனக்கு ஜோக் சொல்வாய்.

ஏதோ தோன்றியிருக்கும் என்கிறாயே, அவருக்கு ஏதோ தோன்றி எதையும் செய்து நீ பார்த்திருக்கிறாயா? ஓட்டலுக்குப் போனால் சாப்பாட்டு அட்டையைப் பார்ப்பதற்கு முன் வெளியேறும் வழி எங்கே என்று பார்க்கிற மனுஷர் அவர். சினிமா தியேட்டரில் படம் ஓடும்போது என் காதில், "நம்ம வரிசையிலேர்ந்து கதவுக்குப் பதினோரு அடி" என்பார். நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவர் யோசிக்காமல் ஒரு படிகூட ஏற மாட்டார்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். சொன்னால்தான் நான் ஏன் இப்படி உன்னை அரிக்கிறேன் என்று உனக்குப் புரியும்.

அன்று காலையில் எங்களுக்குள் சண்டை. நாங்கள் இரண்டு பேரும் நாலு நாள் எங்காவது போய் வருவதென்று பேசிவைத்திருந்தோம். மூன்றாவது முறையாக லீவை ரத்து செய்துவிட்டார். அவர் ஷூ கட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றபடி சொன்னேன்: "ஊர்ல எவன் வீடு எரிஞ்சாலும் ஓடுங்க. உங்க வீட்டுல ஒருத்தி இருக்கான்னு மட்டும் நெனைக்காதீங்க." அவர், "சாயந்திரம் வந்து பேசலாம்" என்றார். அதற்கு நான், "வந்தா வாங்க, வராட்டா போங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு ஷூவையும் கட்டிக்கொண்டு போனார்.

இருபத்தொரு வருஷம் குடித்தனம் நடத்தியதற்கு நான் அவரிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை அது. உள்ளே யாரும் இல்லை. எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். எரிந்தது வெறும் பஞ்சும் ரப்பரும். அதற்குள் திரும்பப் போகிறார் என்றால் என்ன அர்த்தம்? வீட்டுக்கு வருவதைவிட அது மேல் என்று நினைத்தாரா? என்னைவிடப் பெரியதாக அங்கே என்ன இருந்தது? இதைத்தான் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அடுப்படியில், கடையில், பஸ்ஸில்.

குளித்துவிட்டு வந்து, "துண்டு எங்கே?" என்று கூப்பிடுவார். துண்டு அவர் தோளுக்குப் பின்னாலேயே தொங்கும். "உங்களுக்குப் பின்னாடிதான் இருக்கு" என்று தினமும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன், எரிச்சலோடு. இப்போது வீட்டில் யாரும் என்னிடம் எதையும் எங்கே என்று கேட்பதில்லை. எனக்கு அவர் வேண்டும், தம்பி. அது நடக்காது என்று தெரியும். காரணமாவது வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 17

அக்கா,

அவர் உன் பேச்சால் போகவில்லை. அதை மட்டும் சத்தியமாகச் சொல்வேன். காலையில் சண்டை நடந்ததே எங்களுக்குத் தெரியாது. அன்று முழுக்க அவர் எப்போதும் போலத்தான் இருந்தார்.

மீதியைக் கேட்காதே. உனக்கு நல்லதல்ல.

தம்பி


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

போன வாரம் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினேன். நீ பதில் போடுவாய் என்று தெரியும், அதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள். கடையில் வைத்துப் படிக்காதே.

எங்கள் வேலையில் ஒரு பலகை உண்டு. தீப்பிடித்த கட்டடத்தின் முன்னால் அதை வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பார். நம் ஸ்டேஷனில் அது பம்ப் ஓட்டுகிற 'கடிகாரம்' அண்ணன், உனக்குத் தெரியும். உள்ளே போகிறவன் தன் பெயர் போட்ட டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் அவனே போய் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையில் டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். மயங்கி விழுந்தவன் டோக்கனை அண்ணன் எடுப்பார். மற்றபடி ஒருவன் டோக்கனை இன்னொருவன் தொடக்கூடாது. அத்தான் போட்ட சட்டம் அது. உயிரோடு இருப்பவன் தன் காலால் நடந்து வந்து, தன் கையால் எடுக்க வேண்டும் என்பார்.

அன்றைக்கு நானும் 'ஒட்டகம்' என்று நாங்கள் கூப்பிடுகிற நெட்டையனும் ஜோடியாக உள்ளே போனோம். இரண்டு டோக்கன்கள் மாட்டினோம். உள்ளே வெக்கை தாங்காமல் ஒட்டகம் சுருண்டு விழுந்துவிட்டான். முன் வாசலுக்குத் திரும்ப முடியவில்லை. பின்பக்கம் லாரியில் சரக்கு ஏற்றுகிற கதவு திறந்திருந்தது. அவனை இழுத்துக்கொண்டு அந்த வழியாக வெளியே வந்தேன். ஆம்புலன்ஸ் ஆட்கள் அங்கேயே நின்றிருந்தார்கள், அவனைத் தூக்கிக்கொண்டார்கள். அவன் யாரென்று என்னிடம் கேட்டு, அவர்கள் வாக்கி டாக்கியில் முன்பக்கத்துக்குச் சொன்னது, "ஒட்டகத்தைக் கொண்டு வந்துட்டோம்" என்பது மட்டும்தான். கடிகாரம் அண்ணன் அவன் டோக்கனை எடுத்தார். என்னுடையது தொங்கியது.

கட்டடத்தைச் சுற்றி முன்பக்கம் போக இரண்டு நிமிஷம் ஆகும். நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. பின்சுவர் ஓரம் ஒரு குழாய் இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து உனக்குப் போன் செய்தேன்.

நீதானே எனக்கு அந்தப் பழக்கத்தை வைத்தாய். "அவர் பண்ண மாட்டாரு, நீயாவது ஒவ்வொரு தடவையும் முடிஞ்சதும் ஒரு போன் பண்ணிடுடா" என்று. பதினோரு வருஷமாக ஒரு தடவையும் நான் தவறியதில்லை. எப்போதும் டோக்கனை எடுத்துவிட்டுத்தான் பேசுவேன். அன்றைக்கு நடக்கத் தெம்பில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பேசிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். நெருப்பும் அடங்குகிற மாதிரித்தான் இருந்தது.

வாக்கி டாக்கி இரைந்துகொண்டிருந்தது. உன் குரல் சரியாகக் கேட்கவில்லை. அதன் சத்தத்தைக் குறைத்தேன்.

நீ என்ன பேசினாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அத்தான் நல்லா இருக்காரா என்று கேட்டாய். சாப்பிட்டாரா என்று கேட்டாய். "மூஞ்சி எப்படி இருக்கு, கோவமா இருக்காரா?" என்று கேட்டாய். நான் விளையாட்டாக, "எனக்குத் தெரிஞ்சு அவருக்கு ஒரே மூஞ்சிதான், அதுல எது கோவம்னு எப்படிச் சொல்றது?" என்றேன். நீ சிரித்தாய். சும்மா பேசிக்கொண்டே போனோம். நாலு நிமிஷம். போனில் இன்னும் அது பதிவாகியிருக்கிறது, இரண்டு இருபத்திரண்டிலிருந்து இரண்டு இருபத்தாறு வரை.

அந்த நேரத்தில் முன்பக்கம் நின்று என்னை மூன்று முறை வாக்கி டாக்கியில் கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. பலகையில் டோக்கன் தொங்குகிறது. முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் போனை வைத்துவிட்டு, வாக்கி டாக்கியின் சத்தத்தைக் கூட்டியபோது எல்லாரும் அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வெளியேதான் இருக்கிறேன் என்று அதில் கத்திக்கொண்டே சுற்றி ஓடினேன், அவரிடமிருந்து பதில் வரவில்லை. நான் முன்பக்கம் வந்து நின்ற கொஞ்ச நேரத்தில் தளம் சரிந்தது.

விசாரணை அதிகாரிகள் வருவதற்கு முன் கடிகாரம் அண்ணன் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "டோக்கனை எடுத்துப் பைல போட்டுட்டேன். நீ வாயத் தொறக்காத. போனவரு போயிட்டாரு, இருக்கிறவன் பொழைக்கணும். உன் அக்காவுக்கு இது தெரியவே வேணாம்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் 'காரணம் தெரியவில்லை'.

அதன் பிறகு போனைக் காதில் வைக்க என்னால் முடியவில்லை. மணி அடித்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். உன்னோடு அந்த வீட்டில் உட்கார்ந்திருந்த பத்து நாளும், எந்த நிமிஷம் நீ கேட்பாயோ, எந்த நிமிஷம் நான் சொல்லிவிடுவேனோ என்று செத்துக்கொண்டிருந்தேன். என் தப்பை மறைத்தேன் என்பது உண்மை. ஆனால் அது மட்டும் இல்லை. சொன்னால், அவரைக் கொன்றது நீ சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அந்த நாலு நிமிஷம்தான் என்று உனக்குத் தெரிந்துவிடும். அது உனக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். நீ அதைவிட மோசமான ஒன்றை நினைத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உன்னைவிடப் பெரியதாக அங்கே என்ன இருந்தது என்று கேட்டாய். நான்தான் அக்கா. எனக்காகத்தான் போனார். நான் உள்ளேயே இல்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 5

அக்காவுக்கு,

நாற்பது நாளாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. அது சரிதான். நான் எதிர்பார்த்ததும் இதுதான். ஆனாலும் தபால்காரர் வருகிற நேரத்தில் படிக்கட்டில் போய் நின்றுகொள்கிறேன்.

பதினான்காம் தேதி இங்கே எனக்கு வேலை இருந்தது. இரண்டு இருபத்தைந்துக்கு ஹோஸைக் கீழே போட்டுவிட்டு ஆறு நிமிஷம் அப்படியே நின்றேன். கூட இருந்தவர் என்ன என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன். நீ திரையை விலக்கினாயா, விழா நடந்ததா, எதுவும் எனக்குத் தெரியாது.

உனக்கு எழுதிய மறுநாளே விசாரணை அதிகாரிக்கும் எழுதிவிட்டேன். கடிகாரம் அண்ணனை இழுக்கவில்லை. டோக்கனை நானே எடுத்து மறைத்தேன் என்று எழுதினேன். போன வாரம் உத்தரவு வந்தது. முடிவு தெரியும்வரை என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காலையில் எழுந்து பம்ப் ஓடுகிற சத்தத்தை அறையில் இருந்தபடி கேட்கிறேன். கேட்கப் பிடிக்கிறது.

அவரை நினைக்காத நாள் இல்லை. ஸ்டேஷனில் அவரை 'ஐயா' என்று கூப்பிட வேண்டும், வீட்டில் 'அத்தான்' என்று கூப்பிட வேண்டும். முதல் வருஷம் அடிக்கடி மாற்றிக் கூப்பிட்டுவிடுவேன். அணிவகுப்பில் நின்றுகொண்டு ஒருமுறை "சரிங்க அத்தான்" என்றேன். மொத்த ஸ்டேஷனும் சிரித்தது. அவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "உங்க அக்கா இங்க இல்ல. இங்க நான் யாருக்கும் பயப்பட மாட்டேன்" என்றார். அவர் குரலை ஒருமுறை கேட்டால் போதும் என்று இருக்கிறது, திட்டினாலும் பரவாயில்லை.

நீ எழுத வேண்டாம். உனக்கு எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

நீ எல்லாவற்றையும் சொன்ன அந்தப் பிப்ரவரிக் கடிதம் வந்த அன்று கடைக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. உன்னைச் சபித்தேன், வாய்விட்டு, அடுக்களையில் நின்றுகொண்டு. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். பிறகு என்னைச் சபித்துக்கொண்டேன். அந்த நாலு நிமிஷத்தில் மூன்று நிமிஷம் பேசியது நான். நீ இரண்டு தடவை "வெக்கட்டுமாக்கா?" என்று கேட்டாய். இரண்டு தடவையும் "இருடா" என்றேன். அதை நீ கடிதத்தில் எழுதவில்லை. எனக்காகத்தான் விட்டுவிட்டாய் என்று தெரியும்.

யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் ஒரு வாரம் போயிற்று. கடைசியில் எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, ஸ்டேஷனுக்குப் போனேன்.

கடிகாரம் அண்ணன் இஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். உன் கடிதத்தை நீட்டினேன். கண்ணாடி இல்லை என்றார். கண்ணாடி அவர் நெற்றியில்தான் இருந்தது.

"படிக்க வேணாம்ணே. பலகைகிட்ட நின்னது நீங்கதான். உள்ள போறதுக்கு முன்னாடி அவர் என்ன சொன்னாரு? அதை மட்டும் சொல்லுங்க."

"என்னத்தம்மா சொன்னாரு. ஒண்ணும் சொல்லல."

"அண்ணே."

அவர் துணியை மடித்தார். பிரித்தார். பிறகு சொன்னார். பலகையில் ஒரு டோக்கன் தொங்குவதைப் பார்த்து, "யாருது?" என்று உன் அத்தான் கேட்டிருக்கிறார். "உங்க மச்சினனுது" என்றிருக்கிறார் அண்ணன். கூப்பிட்டும் நீ பதில் பேசவில்லை. அவர் முகமூடியை எடுத்தார். அண்ணன் கையைப் பிடித்து, "ஐயா, நீங்க போகக்கூடாது, ரெண்டு பேர அனுப்பலாம்" என்றிருக்கிறார். மற்றவர்களின் சிலிண்டரில் எல்லாம் காற்று தீர்ந்திருந்தது, மாற்றி மாட்டிக்கொண்டு வர நேரமாகும். அப்போது அவர் சொன்னாராம்:

"காலையிலயே அவ கோவமா இருக்கா. இவனையும் விட்டுட்டுத் தனியா வீட்டுக்குப் போனேன்னா என் மூஞ்சியில முழிப்பாளா?"

"கவலையாச் சொன்னாராண்ணே?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. உங்கள நெனச்சா அவருக்கு எப்பவும் ஒரு சிரிப்பு வரும்."

தம்பி, ஸ்டேஷன் நடுவில், இஞ்சினின் படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அன்றைக்கு என்னை அழ விடாமல் தடுத்தது அந்த "வராட்டா போங்க"தான். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு போகவில்லை. சாயந்திரம் வீட்டுக்கு வருவதாகத்தான் இருந்தார். என் முகத்தில் விழிப்பதைப் பற்றித்தான் யோசித்திருக்கிறார்.

விழா நடந்தது. நான் போனேன். ஆனால் அதற்கு முன் அந்தப் பெரிய அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய் வாசகத்தை மாற்றச் சொன்னேன். "தன் ஆள் ஒருவன் உள்ளே இருப்பதாக நினைத்துத் திரும்பச் சென்றவர்" என்று எழுதிக் கொடுத்தேன்.

"'நினைத்து'ன்னு போட்டா, ஏதோ தப்பு நடந்த மாதிரி இருக்கும்மா" என்றார்.

"நடந்துச்சு சார். தப்பு நடந்தாலும் அவர் போனது போனதுதானே" என்றேன்.

விசாரணைக்கு நீ எழுதிய கடிதமும் அவர் மேஜையில்தான் இருந்தது. அதை ஒருமுறை பார்த்துவிட்டு, நான் கொடுத்த தாளை வாங்கிக்கொண்டார். இப்போது கல்லில் நான் சொன்னதுதான் இருக்கிறது. படித்துவிட்டு நின்றவர்களில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. ஸ்டேஷன் ஆட்கள் எல்லாருக்கும் புரிந்தது. ஒட்டகம் கூட்டத்தின் பின்னால் நின்று, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். உன் வேலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அது உனக்கும் அவர்களுக்கும் நடுவில். நீ உண்மையை எழுதியது நல்லது.

மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வது போலச் சொல்கிறேன்: இப்போது இருப்பில் இல்லை. எப்போது வரும் என்றும் தெரியாது. சில காலைகளில் உன்மேல் கோபத்தோடுதான் எழுந்திருக்கிறேன். சில காலைகளில், நீ அந்தப் பின்கதவு வழியாக வெளியே வராமல் இருந்திருந்தால் என்று நினைத்து உன் அறை வாசலில் போய் நிற்கிறேன். இரண்டும் உண்மை. நீ வந்தால் இரண்டையும் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

லீவு இல்லை என்று இனிமேல் உன்னால் சொல்ல முடியாது. வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். உன் அறை கூட்டித் துடைத்துக் கிடக்கிறது. போன வாரம் ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தேன், கோணலாகத்தான் வந்திருக்கிறது, வந்து சரிசெய்.

அவர் என்னைவிடப் பெரிய எதற்காகவோ போனார் என்று ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்காகப் போனார் என்று நீ எழுதினாய். நீயும் பாதிதான் சரி. உன்னைக் கண்டுபிடித்து, கையைப் பிடித்து, இந்த வீட்டுக்கு, என்னிடம் கொண்டுவந்து விடுவதற்காகப் போனார். அதற்காக மட்டும்தான் போனார்.

ஒரு வருஷமும் ஒரு மாதமும் ஆகிவிட்டது. நீ இன்னும் வீடு வந்து சேரவில்லை.

அக்கா